கொலுசுப் பட்டறைக்கு ₹30 லட்சம் வரி பாக்கி: யாரிடம் போவது?

கேள்வி: சேலம் சிவதாபுரத்தில் என் கணவர் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். செவ்வாய்ப்பேட்டை வியாபாரிகள் கொடுக்கும் வெள்ளியை வாங்கி, கொலுசு செய்து எடை போட்டுத் திருப்பிக் கொடுத்து, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவார். கூலி ரொக்கமாகத்தான் வரும். அதை வங்கியில் போட்டு, ஆட்களுக்குச் சம்பளம் எடுப்பார். ரிட்டன் போட்டதில்லை. போன மாதம் வங்கிக் கணக்கை முடக்கிவிட்டார்கள். அந்தக் கணக்கில் என் பெயரும் இருக்கிறது. கேட்டால் 2018-19-இல் போட்ட ₹18.40 லட்சத்துக்கு வருமான வரி ₹30.85 லட்சம் பாக்கி, 2024 மார்ச்சிலேயே உத்தரவு போட்டாயிற்று என்கிறார்கள். எங்களுக்கு ஒரு கடிதமும் வரவில்லை. பான் கார்டு வாங்கிக் கொடுத்த கணக்கு எழுதுபவரின் மின்னஞ்சலுக்குப் போயிருக்கிறது. இப்போது ஒரு புரோக்கர், "ஒன்றரை லட்சம் கொடுங்கள், ஆபீசில் பேசிப் பாதியாக முடித்துத் தருகிறேன்" என்கிறார். என் அண்ணன் வீட்டை என் பெயருக்கு மாற்றச் சொல்கிறார். ஆடிட்டரிடம் போவதா, வக்கீலிடம் போவதா? வீடு போய்விடுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் இரண்டு காரியங்களை நிறுத்தி வையுங்கள். புரோக்கருக்குப் பணம் கொடுக்காதீர்கள். வீட்டை உங்கள் பெயருக்கு எழுதாதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் உங்கள் மேல் விழுந்திருக்கும் தொகை எப்படி வந்தது என்று பார்த்துவிடுவோம். அது புரிந்தால் யாரிடம் போவது என்பதும் புரியும்.

நோட்டீசுக்குப் பதில் வராததால், அதிகாரி தன் கையில் இருந்த தகவலை மட்டும் வைத்து வருமான வரிச் சட்டத்தின் 144-ஆம் பிரிவில் உத்தரவு போட்டிருக்கிறார். வங்கியில் விழுந்த ₹18,40,000 முழுவதும் கணக்கில் காட்டாத பணம் என்று 69ஏ பிரிவில் எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கும். அப்படி எடுத்துவிட்டால் சாதாரண வரி விகிதம் பொருந்தாது. 115பிபிஇ பிரிவில் 60 சதவீத வரி ₹11,04,000. அதன் மேல் 25 சதவீத சர்சார்ஜ் ₹2,76,000. இரண்டுக்கும் 4 சதவீத செஸ் ₹55,200. ஆக ₹14,35,200. இதன் மேல், ஆண்டு முடியும் முன்பே தவணையாகக் கட்டியிருக்க வேண்டிய முன்கூட்டிய வரியைக் கட்டாததற்கு 234பி வட்டி 2019 ஏப்ரல் முதல் 60 மாதத்துக்கு ₹8,61,120, ரிட்டன் போடாததற்கு 234ஏ வட்டி 55 மாதத்துக்கு ₹7,89,360. கூட்டிப் பாருங்கள், ₹30,85,680 வருகிறது. நீங்கள் எழுதியிருக்கும் தொகையும் அதுதான்.

இதே பணம் தொழில் வரவு என்று நிரூபிக்கப்பட்டால் கணக்கு எங்கே போகிறது பாருங்கள். அந்த ஆண்டில் ₹2 கோடிக்குக் கீழே வரவுசெலவு உள்ள சிறு தொழிலுக்கு, 44ஏடி பிரிவில் ரொக்க வரவில் 8 சதவீதத்தை லாபமாக வைப்பார்கள். ₹18.40 லட்சத்துக்கு அது ₹1,47,200. அப்போது ₹2.5 லட்சம் வரை வரியே கிடையாது. உங்கள் கணவருக்கு வேறு வருமானம் இல்லையென்றால் வரி சூன்யம். அப்பீலில் 8 சதவீதத்தை அப்படியே ஒப்புக்கொள்வார்கள் என்று நான் உறுதி சொல்ல முடியாது. லாபத்தைக் கொஞ்சம் கூட்டி மதிப்பிடலாம், சில வரவுகளை நம்ப மறுக்கலாம். ஆனாலும் உங்கள் வழக்கின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ₹30 லட்சத்தை எப்படிக் கட்டுவது என்று மட்டும் யோசிக்கிறவர் உங்களுக்குச் சரியான ஆள் இல்லை. "உத்தரவைக் கொண்டுவாருங்கள், 2018-19 வங்கி ஸ்டேட்மென்டைக் கொண்டுவாருங்கள்" என்று முதல் பேச்சிலேயே கேட்கிறவரைத் தேடுங்கள்.

புரோக்கர் சொல்லும் "பாதியாக முடிப்பது" என்று ஒரு ஏற்பாடு வருமான வரிச் சட்டத்தில் இல்லை. வரியைப் பேரம் பேசிக் குறைக்கும் அதிகாரம் எந்த அதிகாரிக்கும் கிடையாது. விவாத் சே விஸ்வாஸ் போன்ற சமரசத் திட்டங்களை அரசு எப்போதாவது கொண்டுவரும். கடைசியாக வந்த 2024 திட்டத்துக்கு 2025 ஏப்ரல் 30-ஓடு காலம் முடிந்துவிட்டது. லஞ்சம் கொடுப்பதும் குற்றம். 2018-இல் திருத்திய ஊழல் தடுப்புச் சட்டப்படி, கட்டாயப்படுத்தப்பட்டுக் கொடுத்தவர்கூட ஏழு நாளுக்குள் புகார் செய்தால்தான் தப்ப முடியும். "குறைத்துக் கொடுக்கும் தொகையில் இத்தனை சதவீதம் பீஸ்" என்று யார் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். பட்டயக் கணக்காளரும் சரி, வக்கீலும் சரி, இப்படி முடிவைப் பொறுத்துக் கூலி பேச அவரவர் தொழில் விதியே அனுமதிப்பதில்லை.

ஆடிட்டரா, வக்கீலா என்ற கேள்விக்கு: இப்போது உங்களுக்கு வேண்டியது வரி அப்பீல் நடத்திப் பழகிய பட்டயக் கணக்காளர், அல்லது வரி வழக்கு மட்டுமே பார்க்கும் வக்கீல். இருவரும் 288-ஆம் பிரிவில் உங்களுக்காக ஆஜராகலாம். முதல் அப்பீலும் அதற்கு மேல் சென்னையில் உள்ள வருமான வரித் தீர்ப்பாயமும் இருவருக்குமே திறந்தவை. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட வேண்டி வந்தால் அதற்கு வக்கீல்தான் வேண்டும். சேலம் மாவட்ட வழக்குகள் மதுரைக் கிளைக்குப் போவதில்லை, சென்னைக்குத்தான் போகும். ரிட்டன் மட்டும் போட்டுக் கொடுக்கும் கம்ப்யூட்டர் சென்டர் இந்த வேலைக்குப் போதாது.

இந்திய பட்டயக் கணக்காளர் நிறுவனத்துக்குச் சேலத்தில் கிளை இருக்கிறது. யாரைப் பார்த்தாலும் உறுப்பினர் எண்ணைக் கேட்டு வாங்கி, அந்த நிறுவனத்தின் தளத்தில் சரிபாருங்கள். தயங்க வேண்டாம், கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. பிறகு நேராகக் கேளுங்கள்: 144 உத்தரவுக்கு எதிரான அப்பீல் செய்திருக்கிறீர்களா? தாமத மன்னிப்பு மனு யார் எழுதுவார்? அப்பீல், ஸ்டே மனு (வசூலை நிறுத்தி வைக்கக் கேட்பது), விசாரணைப் பதில் ஒவ்வொன்றுக்கும் பீஸ் எவ்வளவு? அதைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டு வாங்குங்கள். வருமான வரித் தளத்தில் முதன்மை மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் உங்கள் வீட்டாருடையதாகவே இருக்கட்டும், ஆடிட்டருடையதை இரண்டாவதாகச் சேர்க்கலாம். இத்தனை சங்கடமும் அந்த ஒரு மின்னஞ்சல் வேறொருவரிடம் இருந்ததால் வந்தது. வரிப் பணத்தை ஆடிட்டரின் கூகுள் பேக்கு அனுப்பாதீர்கள். தளத்தில் இ-பே டாக்ஸ் வழியாக, உங்கள் கணவரின் பான் எண்ணில், டிமாண்ட் (வரி பாக்கி) எண்ணைத் தேர்ந்து, 400 என்ற தலைப்பில் கட்ட வேண்டும். தலைப்பு மாறினால் பணம் போய்ச் சேரும், ஆனால் பாக்கி குறையாமல் அப்படியே நிற்கும்.

ஆளைப் பார்க்கப் போகும் முன் நீங்களே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. கணவரின் ஆதாரோடு இணைந்த கைப்பேசிக்கு ஓடிபி வரும். அதை வைத்து வருமான வரித் தளத்தின் கடவுச்சொல்லை மாற்றி உள்ளே போங்கள். மின்னஞ்சலையும் கைப்பேசியையும் உடனே மாற்றுங்கள். இ-புரொசீடிங்ஸ் பகுதியில், பழைய ஆண்டைத் திரும்ப விசாரிக்க அனுப்பும் 148 நோட்டீசில் தொடங்கி உத்தரவு வரை எல்லாம் இருக்கும். உத்தரவு, வரி கணக்கிட்ட தாள், 156-ஆம் பிரிவு டிமாண்ட் நோட்டீஸ் மூன்றையும் இறக்கி அச்செடுங்கள். அந்த ஆண்டுக்கான 26ஏஎஸ் அறிக்கையையும் எடுங்கள். யாராவது வியாபாரி கூலி கொடுக்கும்போதே டிடிஎஸ் என்று வரி பிடித்திருந்தால் அதில் தெரியும். அப்படி ஒரே ஒரு பதிவு இருந்தாலும் அது உங்களுக்குப் பெரிய சாட்சி.

ஒரு இடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். "ரெஸ்பான்ஸ் டு அவுட்ஸ்டாண்டிங் டிமாண்ட்" என்ற பக்கத்தில் டிமாண்ட் சரி என்ற ஒரு விருப்பம் இருக்கும். அதை அழுத்திவிட்டால் பிறகு அந்தப் பக்கத்தில் மறுக்க முடியாது. தெரியாத பையன் ஒருவன் அவசரத்தில் அதைத் தட்டிவிட்டால் உங்கள் பக்க வாதம் பலவீனமாகிவிடும். ஆடிட்டர் வந்த பிறகு, அப்பீல் விவரத்தோடு "உடன்பாடில்லை" என்று போடலாம்.

வங்கிக்குப் போய், கணக்கை முடக்கச் சொன்ன 226(3) நோட்டீசின் நகலைக் கேளுங்கள். முடக்கியது எந்த நாளில், அனுப்பியது எந்த அதிகாரி, எவ்வளவு தொகைக்கு என்பதெல்லாம் அதில் இருக்கும். உங்களுக்கு உத்தரவு தெரியவந்த நாளுக்கும் அதுவே சான்று. கணக்கில் உங்கள் பெயரும் இருப்பதால், வேறு விதமாக நிரூபிக்காத வரை இருவருக்கும் சம பங்கு என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதில் உள்ள பணம் உங்கள் சொந்த வருமானம் என்று காட்ட முடிந்தால் அதை விடுவிக்கக் கேட்கலாம். இனி அந்தக் கணக்கில் விழும் பணத்தையும் நோட்டீஸ் பிடிக்கும்.

அடுத்து அப்பீல். படிவம் 35-இல், இணையம் வழியாகத்தான். கட்டணம் ₹1,000. உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் போட்டிருக்க வேண்டும், அது என்றோ கடந்துவிட்டது. ஆகவே 249(3)-இல் தாமத மன்னிப்பு மனு சேர்க்க வேண்டும். இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். "உடல்நிலை சரியில்லை, தெரியவில்லை" என்று இரண்டு வரி எழுதித் தள்ளுபடி வாங்குகிறார்கள். உங்கள் மனுவில் தேதி வரிசையாக இருக்கட்டும். தளத்தில் பதிந்திருந்த மின்னஞ்சல் யாருடையது, எந்த நாளிலிருந்து, வங்கி முடக்கம் எப்போது தெரிந்தது, அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் என்ன செய்தீர்கள் என்பதை நோட்டரி முன் கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரமாகக் கொடுங்கள். பழைய மின்னஞ்சல் பதிவான திரையின் அச்சு, வங்கிக் கடிதம் இரண்டையும் இணையுங்கள். கணக்கு எழுதுபவரிடமிருந்தும் ஒரு கடிதம் கிடைத்தால் நல்லது. சண்டை போட்டுக் கேட்டால் கிடைக்காது, பொறுமையாகக் கேளுங்கள். தெரிந்த நாளுக்குப் பிறகு ஆன தாமதத்துக்குக் காரணம் சொல்வதுதான் கடினம். அதனால் இந்த மாதமே வேலையைத் தொடங்குங்கள்.

இன்னொரு கண்ணி 249(4). ரிட்டனே போடாதவர் அப்பீல் போட்டால், அவர் கட்டியிருக்க வேண்டிய முன்கூட்டிய வரிக்குச் சமமான தொகையைக் கட்டியிருக்க வேண்டும். படிவத்தில் அதற்கான பத்தியை வெறுமனே விட்டுவிட்டால் அப்பீலை ஏற்காமலே தள்ளுவார்கள். உங்கள் கணவரின் வருமானம் ₹2.5 லட்சத்துக்குக் கீழே என்பதே உங்கள் வாதம் என்றால், முன்கூட்டிய வரி எதுவும் செலுத்த வேண்டியிருக்கவில்லை என்பதைக் கணக்கோடு அங்கே எழுத வேண்டும். அதோடு விலக்கு கேட்டு ஒரு மனுவும் வைப்பது பத்திரம்.

ஆதாரம் சேர்ப்பதுதான் நீங்களும் உங்கள் கணவரும் மட்டுமே செய்யக்கூடிய வேலை. ஆடிட்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் எடைச் சீட்டை அவர் உருவாக்க முடியாது. 2018 ஏப்ரல் முதல் 2019 மார்ச் வரை வெள்ளி கொடுத்த ஒவ்வொரு வியாபாரியிடமும் அந்த ஆண்டுக்கான லெட்ஜர் பக்கத்தைக் கேளுங்கள். இத்தனை கிலோ கொடுத்தோம், இத்தனை கிலோ கொலுசாக வந்தது, சேதாரம் இவ்வளவு, கூலி இந்தத் தேதியில் இவ்வளவு ரொக்கமாகக் கொடுத்தோம் என்று அவருடைய லெட்டர்பேடில், ஜிஎஸ்டி எண்ணோடு உறுதிக் கடிதம் வேண்டும். பட்டறையில் பழைய எடைச் சீட்டு, டெலிவரி சலான், சம்பள நோட்டு எதுவானாலும் எடுத்து வையுங்கள், பென்சிலில் எழுதியதானாலும் சரி. பட்டறை மின் கட்டண ரசீது தொழில் நடந்ததற்குச் சாட்சி. பிறகு வங்கி ஸ்டேட்மென்டில் ஒவ்வொரு ரொக்க வரவுக்கும் எதிரே யார் கொடுத்த கூலி என்று ஒரு பட்டியல் போடுங்கள். எடுத்த பணத்தையே திரும்பப் போட்ட நாட்கள் இருந்தால் தனியாகக் குறியுங்கள். அந்தத் தொகையை இரண்டு முறை வருமானமாக எண்ணக் கூடாது என்று வாதிடலாம். இல்லாத சீட்டைப் புதிதாக எழுதிப் பழைய தேதி போடாதீர்கள். வியாபாரியின் ஜிஎஸ்டி கணக்கோடு ஒப்பிட்டால் அன்றே பிடிபடும், உண்மையான சீட்டுகளும் அதோடு சேர்ந்து மதிப்பிழந்துவிடும்.

இவை எதுவும் முன்பு அதிகாரியிடம் கொடுக்கப்படாததால் விதி 46ஏ-இன் கீழ் கூடுதல் ஆதாரம் என்று தனி மனு வைக்க வேண்டும். 144 உத்தரவானால் வழக்கைத் திருப்பி அதிகாரிக்கே அனுப்பிப் புதிதாக விசாரிக்கச் சொல்லும் அதிகாரம், 2024 அக்டோபர் 1 முதல் அப்பீல் ஆணையருக்கு உண்டு. உங்கள் வழக்கு அப்படித் திரும்பினால் அது தோல்வி ஆகாது. முதல் முறையாக உங்கள் பேச்சு கேட்கப்படும்.

ஒன்றைக் கவனியுங்கள். அப்பீலில் ₹18.40 லட்சமும் கூலி என்று சொல்வது ஜிஎஸ்டி பக்கத்துக்கும் போகும் வாக்குமூலம். அந்த ஆண்டில் கூலி வேலைக்குப் பதிவு வரம்பு ₹20 லட்சம். வங்கியில் போடாமல் கையிலேயே செலவான கூலியும் சேர்ந்து வரம்பைத் தாண்டியதா என்று ஆடிட்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஒரு வரியிலிருந்து மீள எழுதும் கடிதம் இன்னொரு வரிக்கு நோட்டீசாக மாறிவிடக் கூடாது.

அப்பீல் போட்டதாலேயே வசூல் நிற்காது. 220(6)-இல் ஸ்டே மனு தனியாகப் போட வேண்டும். உத்தரவு போட்டது முகமறியா முறையில், அதாவது நேரில் பார்க்காமல் இணையம் வழியாக, எங்கோ உள்ள அலுவலகப் பிரிவாக இருந்தாலும், ஸ்டேயும் வசூலும் உங்கள் பான் எண்ணுக்குரிய உள்ளூர் அதிகாரியிடம்தான். தளத்தில் "நோ யுவர் ஏஓ" என்ற இடத்தில் அவர் யார் என்று தெரியும். 2017 ஜூலை 31-ஆம் தேதிச் சுற்றறிக்கைப்படி, பொதுவாகப் பாக்கியில் 20 சதவீதம் கட்டினால் அப்பீல் முடியும் வரை நிறுத்தி வைப்பார்கள். உங்களுக்கு அது சுமார் ₹6.17 லட்சம். அதையும் குறைக்கக் கேட்கலாம். வழக்கில் பலம் இருக்கிறதா, பண நெருக்கடி உண்மையா என்றெல்லாம் பார்க்காமல் 20 சதவீதத்தை இயந்திரம்போல் கேட்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. மேலே நான் போட்ட ₹1,47,200 கணக்கு, நகைக் கடன் ரசீது, பிள்ளைகளின் படிப்புச் செலவு, சம்பளம் கொடுக்க வேண்டிய ஆட்களின் விவரம் எல்லாம் மனுவோடு போகட்டும். அதிகாரி மறுத்தால் முதன்மை ஆணையரிடம் மனு செய்யலாம். தாமதம் மன்னிக்கப்படும் முன் ஸ்டே இல்லை என்று அதிகாரி சொல்லவும் கூடும். அதற்குத் தயாராக, 220(3)-இல் தவணை மனுவையும் கையில் வைத்திருங்கள். ஸ்டேயோ தவணையோ கிடைத்தால், கணக்கை விடுவிக்க வங்கிக்குத் தனிக் கடிதம் அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். வங்கி தானாகத் திறக்காது. இந்தத் தொகைக்கு உறவினரிடம் கடன் வாங்கினால் வங்கி வழியாக வாங்குங்கள். ₹20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாகக் கடன் வாங்குவது வேறொரு அபராதத்தைக் கொண்டுவரும்.

சும்மா இருந்தாலும் பாக்கி வளரும். 220(2)-இல் மாதம் 1 சதவீதம், அதாவது மாதம் சுமார் ₹30,850. அப்பீலில் வரி குறைந்தால் இந்த வட்டியும் அதற்கேற்பக் குறையும்.

வீட்டைப் பற்றி. நாளைக்கே யாரும் வந்து பூட்டுப் போட மாட்டார்கள். வழக்கு வரி வசூல் அதிகாரிக்குப் போய், அவர் 15 நாள் அவகாசத்தோடு நோட்டீஸ் கொடுத்து, பிறகு ஜப்தி, ஏல அறிவிப்பு, அதற்கு மேல் குறைந்தது 30 நாள் என்று படிப்படியாகத்தான் நடக்கும். ஆனால் வீட்டை உங்கள் பெயருக்கு மாற்றினால் எந்தப் பயனும் இல்லை. போதிய விலை வாங்காமல் மனைவிக்கு மாற்றிய சொத்தையும் கணவர் சொத்தாகவே 222-ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். 281-ஆம் பிரிவின்படி, வரி பாக்கியைப் பொறுத்தவரை அந்தப் பத்திரமே செல்லாது. ஸ்டே மனுவைப் படிக்கும் அதிகாரியும் உங்கள் நேர்மையைச் சந்தேகிப்பார். பத்திரச் செலவுக்கு வைத்திருக்கும் பணத்தை அப்பீலுக்குச் செலவிடச் சொல்லி அண்ணனிடம் சொல்லுங்கள்.

எடுக்க முடியாத பொருட்களும் உண்டு. கைவினைஞரின் தொழில் கருவிகள், உடுதுணி, சமையல் பாத்திரம், சமய வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத நகை ஆகியவற்றை உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு ஜப்தியிலிருந்து விலக்குகிறது. வருமான வரி வசூலுக்கும் அது பொருந்தும். உங்கள் தாலியையும் உங்கள் கணவர் கைவேலைக்குப் பயன்படுத்தும் கருவிகளையும் தொட முடியாது. பட்டறையில் இருக்கும் வெள்ளி வியாபாரியுடையது என்பதற்கு, வெள்ளி வாங்கும்போதே தேதி, எடை, பெயர் போட்ட சீட்டு இனி ஒவ்வொரு முறையும் வேண்டும். சீட்டு இல்லாத வெள்ளியை உங்கள் கணவருடையதாகத்தான் எண்ணுவார்கள்.

ஆடிட்டரிடம் போகும்போது இன்னொன்றையும் தேடச் சொல்லுங்கள். இப்படிப்பட்ட உத்தரவோடு 271ஏஏசி பிரிவில் தனி அபராத நடவடிக்கையும் தொடங்கும். 60 சதவீத வரியில் 10 சதவீதம், உங்களுக்கு ₹1,10,400. நோட்டீசுகளுக்குப் பதில் தராததற்கு ஒவ்வொன்றுக்கும் ₹10,000 வேறு விதிக்கலாம். அந்த உத்தரவுகளும் அதே பழைய மின்னஞ்சலுக்கு வந்து கிடக்கக் கூடும். வந்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அப்பீல், தனித்தனி தாமத மன்னிப்பு மனு போட வேண்டும். வரி அப்பீலோடு சேர்த்து எழுதினால் ஏற்க மாட்டார்கள். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்தாலும், உங்கள் 2018-19 கணக்குக்கு நான் மேலே சொன்ன 1961 சட்டத்தின் பிரிவுகள்தான் பொருந்தும். மனுக்களில் அந்த எண்களையே போடச் சொல்லுங்கள்.